தம்பிக்கு மூணாவது தடவை மேனியா: எதுதான் இதைக் கிளப்பி விடுது?

தாமிரபரணி_அக்கா · ஞாயிறு, இரவு 11:40

வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிக்க மட்டும் வருவேன், எழுதுறது முதல் தடவை.

என் தம்பிக்கு 29 வயசு. 22 வயசுலயே பைபோலார்னு சொல்லிட்டாங்க (மூட் அளவுக்கு மேல ஏறுறதும் இறங்குறதுமா வர்ற நோய், அந்த ஏறின நிலைதான் மேனியா). போன மாசம் ஒரு நாள் விடியக்காலம் 3 மணிக்கு கிரைண்டர் ஓடுற சத்தம் கேட்டு அம்மா எழுந்திரிச்சிருக்காங்க. பாத்தா இவன் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு மாவு ஆட்டிட்டு இருக்கான். வீட்ல இருந்த இட்லி அரிசி 6 கிலோவையும் முந்தின நாளே ஊறப் போட்டிருக்கான். அண்டா, குக்கர், தூக்குவாளி, என் மக குளிக்கிற டப்பு, எதுலயும் மாவு. "ஏல, என்னல இது"ன்னு அம்மா கேட்டதுக்கு, "பஸ் ஸ்டாண்டுல இட்லிக் கடை போடுதேன், அட்வான்ஸ் குடுத்தாச்சு"ங்கான். நெசமாவே குடுத்திருக்கான். 35,000 ரூபாய், ஜிபேல, ராத்திரி 1:20க்கு.

அன்னைக்கே ஆஸ்பத்திரில சேர்த்தோம். 19 நாள். இப்ப வீட்ல இருக்கான். அதுக்கான மாத்திரை லித்தியமும் ஓலன்சபினும் போகுது.

என் கேள்வி இதுதான். மூணு தடவைக்கும் சொந்தக்காரங்க ஆளுக்கொரு காரணம் வச்சிருக்காங்க. முதல் தடவை காலேஜ் கடைசி வருஷம், "லவ் ஃபெயிலியர்". 26 வயசுல ரெண்டாவது, அப்ப சித்தப்பா வீட்டோட வயக்காட்டுத் தகராறு ஓடிட்டு இருந்துச்சு, அதனால "செய்வினை". இப்ப நிச்சயதார்த்தம் முடிஞ்சு 9வது நாள், அதனால "கல்யாணம்னதும் பயந்துட்டான்". எனக்கு இதுல ஒண்ணுமே ஒட்டல. பயந்தவன் மாதிரியா இருந்தான்? அவன் அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல.

டாக்டர்கிட்ட கேட்டேன். "ஸ்ட்ரெஸ் இல்லாம பாத்துக்கோங்க"ன்னார். வெளிய டோக்கனோட 40 பேர் நிக்கும்போது அவர் வேற என்ன சொல்வார். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ராக்கோழி · ஞாயிறு, இரவு 11:52

அந்த 9 நாள்ல தம்பி ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாரு?

தாமிரபரணி_அக்கா · திங்கள், அதிகாலை 12:05

கணக்கு வைக்கலையே. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின ராத்திரி பந்தல்காரன், சமையல்காரன்னு அலைஞ்சான், படுக்கவே இல்ல. அதுக்கப்புறம் தினமும் அந்தப் பொண்ணோட போன், 2 மணி வரைக்கும் மாடில பேச்சு சத்தம் கேக்கும். புதுசுதானன்னு நாங்களும் சிரிச்சிட்டு விட்டுட்டோம்.

ராக்கோழி · திங்கள், அதிகாலை 12:31

அக்கா, நானும் பைபோலார் 1 தான், முழு மேனியா வர்ற வகை. பத்து வருஷம் ஆச்சு. சென்னை, ஐடி, ஒரு காலத்துல அமெரிக்க ஷிஃப்ட். என் நாலு எபிசோடுக்கும் முன்னாடி போய்ப் பார்த்தா ரெண்டு மூணு ராத்திரி தூக்கம் அறுந்து கிடக்கும். ஒருதடவை ரிலீஸ் வேலை, ஒருதடவை ஃப்ரெண்டு கல்யாணம், ஒருதடவை அப்பா ஐசியூல இருந்தப்போ வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தது. நாலாவது சொன்னா வெக்கம், வெறும் கிரிக்கெட். நல்லதுக்கு முழிச்சோமா கெட்டதுக்கு முழிச்சோமான்னு அது பாக்காது.

அமெரிக்காவுல தாமஸ் வெர்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு 1987லயே இதை எழுதிட்டாங்க. துக்கமோ, காதலோ, பயணமோ, மருந்தோ, கிளப்புற விஷயங்கள் பலதும் கடைசியில தூக்கக் குறைவுங்கிற ஒரே வழியா மேனியாவுக்குள்ள போகுதுன்னு. எங்க மழை பெஞ்சாலும் தண்ணி அந்த ஒரு மதகு வழியாத்தான் ஊருக்குள்ள வருது. தூக்கம் குறைஞ்சா மூட் ஏறும், மூட் ஏறினா தூக்கம் இன்னும் குறையும், அப்புறம் தானா சுத்த ஆரம்பிச்சுடும். மாவு ஆட்டினது கடைசி சீன் அக்கா. படம் ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சாச்சு.

(மணி 12:31க்கு நான் இதை எழுதிட்டு இருக்கேன்னு யாரும் கேக்காதீங்க. மாத்திரை போட்டாச்சு, படுக்கப் போறேன்.)

கேள்விக்குறி · திங்கள், காலை 7:15

ராக்கோழி சொல்றதுல ஒரு ஓட்டை இருக்கு. தூக்கம் போனதால மேனியா வந்துச்சா, இல்ல மேனியா வந்துட்டதாலதான் தூக்கம் போச்சா? ராத்திரி 2 மணி வரைக்கும் போன் பேசினது காரணமா, இல்ல நோயோட முதல் நாளா? பின்னாடி உக்காந்து பார்த்தா எதை வேணும்னாலும் காரணம்னு சொல்லிடலாம். சித்தப்பா செய்வினைன்னு சொன்னதும் இதே முறையிலதான், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

வார்டு_சிஸ்டர் · திங்கள், மதியம் 2:20

22 வருஷமா மனநல வார்டுல நர்ஸா இருக்கேன், மதுரைப் பக்கம். கேள்விக்குறி தம்பி கேட்டது சரியான கேள்வி. ரெண்டுமே நடக்கும்.

நாங்க ஒண்ணு கேட்டுப் பாப்போம். "சார், ராத்திரி 3 மணி நேரம்தான் தூங்கினீங்க, இப்ப உடம்பு எப்படி இருக்கு?" கண்ணு எரியுது, தலை வலிக்குது, எரிச்சலா இருக்குன்னு சொன்னா, அவர் தூக்கம் கெட்டுப்போன மனுஷன், ஒரு நல்ல தூக்கம் கிடைச்சா சரியாகிடலாம். "சூப்பரா இருக்கு சிஸ்டர், தூக்கமெல்லாம் டைம் வேஸ்ட்"னு சொன்னா வண்டி ஏற்கெனவே கிளம்பிடுச்சு. தூக்கம் வராம இருக்கிறது வேற, தூக்கமே தேவைப்படாம போறது வேற. முதல்ல சொன்னது ரெண்டாவதா மாறுற அந்த ரெண்டு மூணு நாள்தான் நம்ம கைல இருக்கிற நேரம். அப்ப டாக்டருக்கு ஒரு போன் போட்டிருந்தா பல பேர் வார்டு வரைக்கும் வந்திருக்க மாட்டாங்க.

அக்கா, உங்க தம்பி ரெண்டாவது தடவை ஏறினதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? வயக்காட்டை விடுங்க. உடம்புக்கு ஏதாவது?

குலசாமி_துணை · திங்கள், மாலை 4:48

தப்பா எடுத்துக்காதீங்க. மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். குணசீலம் பெருமாள் கோவில்ல 48 நாள் தங்க வைங்க. எங்க பெரியம்மா பையன் அங்க போய்த்தான் தெளிஞ்சான்.

வார்டு_சிஸ்டர் · திங்கள், மாலை 5:30

தாராளமா கூட்டிட்டுப் போங்க, மாத்திரையையும் கூடவே எடுத்துட்டுப் போங்க. நேரத்துக்கு எழுந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுக்கிற எந்த இடமும் இந்த நோய்க்கு நல்லதுதான். நான் பயப்படுறது "இங்க வந்துட்டீங்கல்ல, இனிமே மாத்திரை வேண்டாம்"னு பக்கத்துல யாராவது சொல்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு. அப்புறம், கட்டி வைக்கிற இடம் எதுவா இருந்தாலும் திரும்பிப் பாக்காம வந்துடுங்க. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில மனநோயாளிகளைக் கட்டி வச்சிருந்த இடத்துல பிடிச்ச தீயில சங்கிலியோட கருகிப் போனவங்க 28 பேர். அப்ப நான் படிச்சுட்டு இருந்தேன், ஹாஸ்டல்ல அன்னைக்கு யாரும் சாப்பிடல.

பொருநைக்காரன் · திங்கள், இரவு 8:10

கோவில் பேச்சு வந்ததால சொல்லுதேன். எங்க மாமாவுக்கு வருஷா வருஷம் கோவில் கொடை முடிஞ்ச வாரம் இந்த நோய் கூடிப் போயிரும். ஊர்ல "அம்மன் அவர் மேல இருக்கா"ன்னு சொல்லிட்டு இருந்தாங்க. மூணு நாள் வில்லுப்பாட்டு, நடுச்சாமப் பூசை, ஸ்பீக்கர் சத்தம், தூக்கமே கிடையாது. இதுல வரி பிரிக்கிற பொறுப்பும் அவர் தலையில. கடைசியில பாளையங்கோட்டையில ஒரு டாக்டரம்மா போகாதீங்கன்னு சொல்லல. "சாயங்காலம் போங்க, 10 மணிக்கு வீட்ல படுத்திருக்கணும், வரிக் கணக்கு வேற யாராவது பாக்கட்டும்"ன்னாங்க. ரெண்டு வருஷமா கொடைக்குப் பிறகும் மனுஷன் நல்லா இருக்கார். சாமப் பூசைக்கு நிக்க முடியலையேன்னு மட்டும் ஒரு வருத்தம்.

தாமிரபரணி_அக்கா · திங்கள், இரவு 9:55

@வார்டு_சிஸ்டர் உடம்புக்குன்னா, அந்த வருஷம் அவனுக்கு வீசிங் ரொம்ப அதிகமாயி ரெண்டு நாள் ஆஸ்பத்திரில இருந்தான். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் ஏறுச்சு. நாங்க அதையும் இதையும் சேர்த்துப் பாத்ததே இல்ல. மூச்சுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்னு விட்டுட்டோம்.

மருந்துக்கடை_கோவை · திங்கள், இரவு 10:02

ஏனுங்க்கா, அப்ப குடுத்த சீட்டு இருக்குதுங்களா? இருந்தா மாத்திரை பேர் மட்டும் போடுங்க.

தாமிரபரணி_அக்கா · செவ்வாய், காலை 6:40

அம்மா எல்லாச் சீட்டையும் பழைய பிஸ்கட் டப்பால போட்டு வச்சிருக்காங்க. கரண்ட் பில், ரேஷன் கார்டு ஜெராக்ஸ்னு கிளறி எடுத்தேன். ப்ரெட்னிசோலோன் 20 மி.கி., காலைல 2, ஏழு நாளைக்குன்னு இருக்கு. அது கூட ஒரு ஆன்டிபயாட்டிக், இன்ஹேலர்.

மருந்துக்கடை_கோவை · செவ்வாய், காலை 9:25

அதுதானுங்க. ப்ரெட்னிசோலோன் ஸ்டீராய்டு. மனநிலையை மேல தள்ளுற மருந்துகள்ல முதல் வரிசைல இருக்கிறது. 1972ல பாஸ்டன்ல ஆஸ்பத்திரி நோயாளிகளை வச்சு ஒரு கணக்கு எடுத்தாங்க. தினம் 40 மி.கி. வரைக்கும் எடுத்தவங்கள்ல 1.3 சதவீதம் பேருக்கு மனநிலைக் கோளாறு, 80க்கு மேல போனவங்கள்ல 18.4 சதவீதம். உங்க தம்பி எடுத்தது 40. பொதுவா அது குறைஞ்ச ஆபத்துதானுங்க. ஆனா அந்தக் கணக்கு எல்லா நோயாளிகளுக்குமானது. ஏற்கெனவே பைபோலார் இருக்கிறவருக்கு அந்த 1.3ஐ நம்பிட்டு உக்கார முடியாது.

இதுல ஒரு விஷயத்தைத் தப்பா புரிஞ்சுக்கக் கூடாதுங்க. அடுத்த தடவை வீசிங் வந்தா ஸ்டீராய்டு வேண்டாம்னு நீங்களா முடிவெடுக்காதீங்க, மூச்சு நின்னா உயிரே போயிடும். "இவருக்கு பைபோலார் இருக்குது, லித்தியம் எடுக்கிறார்"னு அந்த டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க, மனநல டாக்டருக்கும் அன்னைக்கே தகவல் குடுங்க. நம்ம ஊர்ல பல பேர் நெஞ்சு டாக்டர்கிட்ட மனநல மாத்திரையைப் பத்தி மூச்சு விட மாட்டாங்க. கடைல நின்னு நான் தினம் பாக்கிறேனுங்க, ரெண்டு சீட்டையும் தனித்தனி பையில வச்சிருப்பாங்க.

தாமிரபரணி_அக்கா · செவ்வாய், காலை 9:40

மூணு வருஷமா சித்தப்பா வீட்டோட பேச்சுவார்த்தை இல்ல. அவங்க வீட்டு வளைகாப்புக்குக் கூட நாங்க போகல.

ராக்கோழி · செவ்வாய், காலை 10:15

😐

எனக்கும் மருந்துல ஒரு கதை இருக்கு. முதல்ல வந்தது டிப்ரஷன். ஒரு டாக்டர் டிப்ரஷனுக்கு மட்டும் மாத்திரை எழுதினார், அதுக்கு முன்னாடி எப்பவாவது "மேல" போயிருக்கேனான்னு அவர் கேக்கல, நானும் சொல்லல. அந்த "மேல" இருந்த மாசத்தைத்தான் என் வாழ்க்கையோட பெஸ்ட் மாசம்னு நினைச்சுட்டு இருந்தேன், அதைப் போய் யாராவது டாக்டர்கிட்ட கம்ப்ளைன்ட் பண்ணுவாங்களா? மூணாவது வாரம் பைக்கை வித்துட்டேன், நாலாவது வாரம் வார்டு. பைபோலார் இருக்கிறவங்களுக்கு மூட் ஸ்டெபிலைசர் (லித்தியம் மாதிரி, மனநிலையை நிலையா வைக்கிற மருந்து) இல்லாம தனியா ஆன்டிடிப்ரசன்ட் போனா சிலருக்கு இப்படித் திருப்பி விட்டுடும். பழைய ட்ரைசைக்ளிக் வகையும் வென்லாஃபாக்சினும் இதுல கொஞ்சம் கூடுதல் ஆபத்துன்னு பின்னாடி டாக்டர் சொன்னார்.

கேள்விக்குறி · செவ்வாய், மதியம் 1:05

சரி, ஸ்டீராய்டுல நான் ஒத்துக்கிறேன். அது பின்னாடி உக்காந்து கட்டின கதை இல்ல, தேதி பொருந்துது.

அக்கா முதல்ல எழுதினதுல எனக்குப் பிடிச்சது "அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல"ங்கிற வரி. சொந்தக்காரங்க மூணு தடவையும் சோகத்தையும் பயத்தையும்தான் தேடியிருக்காங்க. ஷெரி ஜான்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவங்க குழுவோட 2000ம் வருஷ ஆய்வு இதுக்கு நேர் எதிரா சொல்லுது. ஆசைப்பட்டது கைக்குக் கிடைச்ச நிகழ்ச்சிகளுக்கு அப்புறம்தான் மேனியா அறிகுறி கூடுது. வேலை கிடைச்சது, பரீட்சையில ஜெயிச்சது, காதல் கைகூடினது இதெல்லாம். சாதாரண ஆளுக்கு ரெண்டு நாள்ல அந்தக் குதூகலம் அடங்கிடும். இவங்களுக்கு பிரேக் பிடிக்கிறது இல்ல, ஒண்ணு கிடைச்சதும் அடுத்த பத்தையும் பிடிக்கப் போறாங்க. பொண்ணு கிடைச்சாச்சு, இனி இட்லிக் கடை. கொஞ்சம் விட்டிருந்தா ஓட்டல் செயின்.

நக்கல்_நாகராஜன் · செவ்வாய், மதியம் 1:30

அந்த 6 கிலோ மாவு கடைசியில என்னாச்சுன்னு யாருமே கேக்கலையே?

மட்டுறுத்துநர் · செவ்வாய், மதியம் 1:44

நாகராஜன், கேலி வேண்டாம். எல்லாருக்கும் ஒரு தகவல்: அவசரம்னா டெலிமானஸ் (அரசோட மனநல உதவி எண்) 14416, 24 மணி நேரமும், தமிழ்லயும் பேசலாம். இங்க படிச்சதை வச்சு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

வல்வை_மகள் · செவ்வாய், இரவு 7:20

நான் ரொறொன்ரோவில இருக்கிறன், ஊர் வல்வெட்டித்துறை. சந்தோசமும் இதைக் கிளப்பும் எண்டு ஒராள் எழுதினதைப் பாத்திட்டுத்தான் நானும் எழுதுறன்.

எனக்கு முதல் பிள்ளை பிறந்து அஞ்சாம் நாள் தொடங்கினது. பிள்ளை படுத்தாலும் நான் படுக்கேல்லை. களைப்பே இல்லை. பிள்ளைக்கு 18 வயசு வரைக்கும் என்னென்ன செய்யவேணும் எண்டு கொப்பியில எழுதிக்கொண்டே இருந்தனான். மாமி "பிள்ளைப்பெத்த உடம்பு, பச்சை உடம்பு, அதுதான் இப்பிடி" எண்டு சொன்னவ. எனக்கு ஏற்கெனவே பைபோலார் இருந்தது, ஆனா வயித்தில பிள்ளை எண்டவுடன குளிசையை நானாவே நிப்பாட்டிப் போட்டன். பிறகுதான் தெரியும், பைபோலார் உள்ள பொம்பிளையளுக்கு பிள்ளை பிறந்த பிறகு கடும் எபிசோட் வாறது கிட்டத்தட்ட அஞ்சில ஒராளுக்கு எண்டு. மற்றத் தாய்மாருக்கு அது ஆயிரத்தில ஒண்டு ரெண்டுதான். முதல் ரெண்டு கிழமைதான் மோசமான காலம்.

ரெண்டாவது பிள்ளைக்கு ஒரு வருசம் முன்னமே டொக்டரோட கதைச்சு, வல்ப்ரோயேட் எண்ட பைபோலார் குளிசை பிள்ளைக்குக் கூடாது எண்டதால அதை மாத்தினனாங்கள். பிள்ளை பிறந்த பிறகு ராத்திரிப் பால் முழுக்க இவர்தான், போத்தில்ல. நான் 10 மணிக்குப் படுத்தா 5 மணிக்குத்தான் எழும்புவன். சனம் கதைச்சது, தாய்ப்பால் குடுக்காத தாய் எண்டு. கதைக்கட்டும். இந்த முறை எனக்கு ஒண்டும் வரேல்லை.

இன்னொண்டு. விமானப் பயணம். இஞ்ச இருந்து ஊருக்குப் போனா மணிக்கூடு, கோடையெண்டா, ஒன்பதரை மணித்தியாலம் முன்னுக்குப் போகவேணும். கிழக்குப் பக்கம் பறக்கிறதுதான் மேனியாக்காரருக்குக் கூடச் சிக்கல் எண்டு என்ர டொக்டர் சொன்னவ. இப்ப போய் இறங்கினா முதல் ரெண்டு ராத்திரிக்கும் எண்டு தனியா நித்திரைக் குளிசை எழுதித் தாறவ. ஊரில ஆக்கள் "இவ்வளவு தூரம் வந்திட்டு நேரத்துக்குப் படுக்கிறாள்" எண்டு குறை.

மருந்துக்கடை_கோவை · செவ்வாய், இரவு 9:10

வல்வை மகள் எழுதினதுல "நானாவே நிப்பாட்டிப் போட்டன்" அப்படிங்கிறதை எல்லாரும் ரெண்டு தடவை படிங்க. தூக்கம், ஸ்டீராய்டு, சந்தோஷம்னு என்ன பேசினாலும், கடைல நான் பாக்கிற பெரிய காரணம் இதுதானுங்க. லித்தியத்தைத் திடீர்னு நிறுத்தினா, அது இல்லாத பழைய நிலைக்குப் போறதோட நிக்காது. நிறுத்தின அடுத்த சில வாரம், சில மாசத்துல மேனியா எகிறி அடிக்கிற ஆபத்து தனியா இருக்குது. அதனாலதான் விடணும்னாலும் டாக்டர் பாத்து வாரக்கணக்குல, மாசக்கணக்குல குறைக்கிறது.

நிறுத்துறவங்க முட்டாளுங்க இல்ல. தாகம், எடை, அடிக்கடி ஒண்ணுக்கு, கை நடுக்கம், "மூளை மந்தமா இருக்குது"ன்னு ஒரு காரணம் எப்பவும் இருக்கும். அதை டாக்டர்கிட்ட சொல்லாம மாத்திரையோட மட்டும் சண்டை போடுறாங்க.

அக்கா நெல்லைங்கிறதால இன்னொண்ணு. கத்திரி வெயில்ல உடம்பு வத்தினாலோ, மூட்டு வலின்னு கடைல ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டாலோ லித்தியம் ரத்தத்துல ஏறிடும். அது மேனியா இல்ல, விஷம். வாந்தி, தள்ளாட்டம், நாக்குக் குழறல் வந்தா உடனே ஆஸ்பத்திரி. வலிக்கு பாரசிட்டமால்தானுங்க பாதுகாப்பு.

புதுசு_வந்தவன் · செவ்வாய், இரவு 11:18

கஞ்சா? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அது ரிலாக்ஸ் பண்ணும், இயற்கைதானன்னு சொல்றாங்க.

ராக்கோழி · புதன், காலை 8:05

எருக்கம்பாலும் இயற்கைதான் தம்பி. பைபோலார்ல கஞ்சா மேனியாவைக் கிளப்பும், வந்ததை நீட்டிக்கவும் செய்யும். எனர்ஜி ட்ரிங்க், ஆறு காபி கேஸும் இதேதான், ராத்திரித் தூக்கத்தைத் தின்னுடும். ஒரு சின்ன விஷயம், திடீர்னு காபியைக் கூட்டினா லித்தியம் உடம்புல இருந்து வேகமா வெளிய போயிடும், திடீர்னு விட்டா ஏறிடும். நான் ரெண்டு காபியோட நிறுத்திக்கிட்டேன், மதியம் 2க்கு மேல இல்ல.

தாமிரபரணி_அக்கா · புதன், மாலை 6:30

இதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதிட்டு இருக்கேன். ஒண்ணு கேக்கணும். இது அத்தனையும் ஒழுங்கா பாத்துக்கிட்டா இனிமே வராதா?

வார்டு_சிஸ்டர் · புதன், இரவு 9:00

வராதுன்னு சொன்னா நான் பொய் சொன்ன மாதிரி. ஒண்ணுமே நடக்காம, நல்லாத் தூங்கிட்டு, மாத்திரையும் போட்டுட்டு இருக்கிறவங்களுக்கும் வந்திருக்கு. முதல் எபிசோடுக்கு ஒரு பெரிய காரணம் கண்ணுக்குத் தெரியும், போகப் போகச் சின்னச் சின்ன விஷயத்துக்கே பத்திக்கும்னு ராபர்ட் போஸ்ட்னு ஒரு மனநல ஆராய்ச்சியாளர் 1992ல எழுதினார். எல்லாருக்கும் அப்படி ஆகுறதில்ல, ஆராய்ச்சி முடிவும் ரெண்டு பக்கமும் இருக்கு. அதனால காரணம் தெரியலைன்னு வீட்டுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லிக்காதீங்க. தைராய்டு மட்டும் ஒரு தடவை பாத்துக்கோங்க, அது ஓவரா சுரந்தாலும் மேனியா மாதிரியே வரும்.

காரணத்தைப் பிடிக்க முடியாட்டியும் ஆரம்பத்தைப் பிடிக்கலாம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு கையெழுத்து உண்டு. எங்க வார்டுக்கு வழக்கமா வர்ற ஒரு வாத்தியார், ஏற ஆரம்பிச்சா சிவப்பு மைல எழுதுவார். ஒரு அம்மா மூக்குத்தியை மாத்துவாங்க. அவங்க மருமக அதைப் பாத்ததும் எனக்குப் போன் பண்ணிடும். உங்க தம்பியோடது என்னன்னு அவர்கிட்டயே கேளுங்க. இப்ப தெளிஞ்சிருக்கிற நேரம், நல்லாச் சொல்வார். நாம இங்க மூணு நாளா அவரைப் பத்திப் பேசிட்டு இருக்கோம், அவரை யாரும் கேக்கல.

கேள்விக்குறி · புதன், இரவு 9:26

இதோட சேர்த்து ஒண்ணு. 2017 மனநலச் சட்டத்துல, தெளிவா இருக்கும்போதே "எனக்கு முடியாம போனா இப்படிச் சிகிச்சை குடுங்க, இது வேண்டாம், என் சார்பா இவங்க பேசட்டும்"னு முன்கூட்டி எழுதி வைக்க வழி இருக்கு. ஜிபே லிமிட்டைக் குறைக்கிறதையும் அவரே கைப்பட எழுதினா பின்னாடி சண்டை வராது.

தாமிரபரணி_அக்கா · வியாழன், இரவு 10:10

கேட்டேன். இந்த இழையைக் காட்டினேன். முழுசும் படிச்சான். ரெண்டு மணி நேரம் ஒண்ணும் பேசல. இப்ப அவனே எழுதுறேங்கான். கீழ உள்ளது அவன் எழுதினது, என் ஐடில இருந்து.

—

எல்லாருக்கும் வணக்கம். நான்தான் அந்தத் தம்பி.

நீங்க சொன்ன எதுவும் தப்பில்ல. ஆனா எங்க அக்காவுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு காபி டம்ளரை டபராவோட கைல குடுத்தாங்க. லித்தியத்துல எனக்குக் கை லேசா நடுங்கும். ஹால்ல எல்லாரும் அமைதியா இருந்த நேரம், டம்ளர் டபராவுல கடகடன்னு அடிக்குது. பொண்ணோட அத்தை "தம்பிக்குக் கை நடுங்குதே"ன்னு சிரிச்சாங்க. கேலியா கூட சொல்லிருக்க மாட்டாங்க. நான் காபியைக் குடிக்காமலே கீழ வச்சுட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் போடணும், கையை எல்லாரும் பாப்பாங்க. அதனால ரெண்டு வாரம் முன்னாடியே மாத்திரையை நிறுத்திட்டேன். அக்கா ஸ்ட்ரிப்பை எண்ணுவான்னு தெரியும், தினம் உரிச்சு கொல்லைல முருங்கை மரத்தடியில போட்டேன். மோதிரம் போடும்போது கை கல்லு மாதிரி நின்னுச்சு. போட்டோவுல பாருங்க, தெரியும்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். சந்தோஷமா, தூக்கமா, மாத்திரையான்னு நீங்க பேசிட்டு இருக்கீங்க. எனக்கு அது மூணும் ஒரே வாரம்.

என் "கையெழுத்து" எதுன்னு கேட்டீங்க. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். நான் மாசத்துக்கு ரெண்டு போடுற ஆள். மாவு ஆட்டின அன்னைக்கு முந்தின நாள் 23 போட்டிருக்கேன். இப்ப எண்ணிப் பாத்தேன்.

வார்டு_சிஸ்டர் · வியாழன், இரவு 10:41

தம்பி, எழுதினதுக்கு நன்றிப்பா. அந்த நடுக்கத்தை அப்பவே டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா ரத்தத்துல லித்தியம் எவ்வளவு இருக்குன்னு பாத்து டோஸைக் குறைச்சிருக்கலாம், பிரிச்சுக் குடுத்திருக்கலாம். நடுக்கத்துக்குன்னே ப்ரோப்ரனோலால்னு ஒரு மாத்திரை இருக்கு, ஆனா உனக்கு வீசிங் இருக்கிறதால அது கூடாது, அதை நீயா வாங்கிப் போட்டுடாத. வேற வழி இருக்கு. அடுத்த விசிட் எப்ப?

தாமிரபரணி_அக்கா · வியாழன், இரவு 10:58

திங்கக்கிழமை. இந்தத் தடவை கேள்வியெல்லாம் பேப்பர்ல எழுதிட்டுப் போறோம். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழிச்சு எடுக்கிற லித்தியம் ரத்த டெஸ்ட், தைராய்டு, நடுக்கம்.

மரத்தடியில போய்ப் பாத்தேன். மழையில கரைஞ்சு போச்சு, ஒண்ணும் இல்ல.

பொருநைக்காரன் · வெள்ளி, காலை 7:02

பொண்ணு வீட்டுக்குத் தெரியுமா? கேக்கக் கூடாதுதான், இருந்தாலும்.

தாமிரபரணி_அக்கா · வெள்ளி, காலை 11:15

(தம்பி) அவகிட்ட நானே சொல்லிட்டேன், ஆஸ்பத்திரில இருந்து வந்த மறுநாள். பகல்ல, 20 நிமிஷம். யோசிச்சுச் சொல்றேன்னா. நேத்து ஒரே ஒரு மெசேஜ் வந்துச்சு, "ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீங்க?"ன்னு. 10ன்னு சொன்னேன். அதுக்கு மேல எதுவும் வரல.

@நக்கல்_நாகராஜன் அண்ணே, மாவு தெருவுல 11 வீட்டுக்குப் போச்சு. அம்மா காரணம் ஒண்ணும் சொல்லாம தூக்குவாளில ஊத்திக் குடுத்திருக்காங்க. ரெண்டு வீட்ல இருந்து வாளி இன்னும் திரும்பி வரல.